டெரி நகரின் வாக்குகள்

தேர்தலில் வாக்குகளை எண்ணும் முறை பற்றி நாம் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. யார் நிற்கிறார், எந்தச் சின்னத்தில் நிற்கிறார், எத்தனை வாக்கில் வென்றார் என்பதோடு நம் ஆர்வம் நின்றுவிடுகிறது. கூடுதல் வாக்குப் பெற்றவர் வென்றார். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போரும் உண்டு. ஆனால் அயர்லாந்துத் தீவின் வடமேற்கில், ஃபாயில் ஆற்றின் கரையில் அமைந்த டெரி நகரின் வரலாற்றைப் படிப்போர் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ஒரு நகரின் பெரும்பான்மை மக்கள் ஐம்பது ஆண்டுக் காலம் தங்கள் நகர மன்றத்தில் சிறுபான்மையினராக அமர நேர்ந்ததற்கு, வாக்கெண்ணும் முறையில் செய்யப்பட்ட ஒரு மாற்றமே வழி திறந்துவிட்டது.

இந்நகருக்கு இரு பெயர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகர வணிகக் குழுக்களின் பொருளுதவியால் ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் இங்கே குடியேற்றப்பட்டபோது, 'லண்டன்டெரி' என்று அரசு பெயர் சூட்டியது. குடியேறியோர் சீர்திருத்தச் சபையினர். மண்ணின் பழங்குடிகள் கத்தோலிக்கர். பெயரைச் சொல்லும்போதே இன்னார் எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்ளும் நிலை அங்கு இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. நாம் இக்கட்டுரையில் சுருக்கம் கருதி டெரி என்றே வழங்குவோம்.

முறையின் இயல்பு

வரலாற்றுக்குள் நுழையுமுன் அம்முறை இன்னதென்று அறிந்துகொள்வது நல்லது. அது நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது இம்முறையில்தான். அரசியலமைப்புச் சட்டம் இதனை ஒற்றை மாற்று வாக்கு மூலம் அமையும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்கிறது.

தமிழகத்திலிருந்து ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடப்பதாகக் கொள்வோம். வாக்காளர்கள் 234 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. ஆனால் அவர் வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்பத்தை வரிசைப்படுத்துவார். வெற்றிக்கு எத்தனை வாக்கு வேண்டும்? இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, வரும் ஏழால் 234-ஐ வகுத்து, மீதியை விடுத்து ஒன்றைச் சேர்த்தால் 34 கிடைக்கிறது. ஏழு பேர் ஒரே வேளையில் 34 வாக்குப் பெற இயலாது; ஆறு பேர் பெற இயலும். ஆகவே 34 வாக்குடைய எந்த அணிக்கும் ஓர் இடம் உறுதி. 34-க்கு மேல் பெற்றவரின் உபரி வாக்குகள் அடுத்த விருப்பத்திற்கு உரியவரைச் சென்றடையும். எல்லாரிலும் குறைவாகப் பெற்றவர் நீக்கப்பட, அவருடைய வாக்குகளும் அவ்வாறே மாறிச் செல்லும். எனவே போட்ட வாக்கு எளிதில் வீணாவதில்லை.

இவ்வெண்ணம் 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. டென்மார்க்கில் கணித அறிஞரும் அமைச்சருமான ஆண்ட்ரே 1855-இல் இதையொத்த ஒரு முறையைச் சட்டமாக்கினார். இங்கிலாந்தில் தாமஸ் ஹேர் என்ற வழக்கறிஞர் தாமாகவே இதனைக் கண்டு 1857 முதல் எழுதிவந்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் அதனைப் போற்றிப் பரப்பினார். மேற்கண்ட '34' என்ற வரம்பைக் கணக்கிடும் வழியை 1868-இல் வகுத்தவர் ட்ரூப் என்ற மற்றொரு வழக்கறிஞர். ஆயினும் அறிஞர்தம் ஏடுகளில் இருந்த முறை, சாதாரண மக்கள் வாழும் ஒரு சிற்றூரின் நகராட்சிக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

ஸ்லைகோ காட்டிய வழி

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள சிறிய துறைமுக நகரம் ஸ்லைகோ. முதல் உலகப் போரின் இறுதியில் அதன் நகராட்சி கடனில் மூழ்கியிருந்தது. வரி செலுத்தும் வணிகர் பலர் சீர்திருத்தச் சபையினர். வாக்காளருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வரியை உயர்த்தாமல் நகராட்சியைக் கரையேற்ற வழியில்லை. தங்களுக்கு மன்றத்தில் குரலின்றி வரிச்சுமையை மட்டும் ஏற்க வணிகர் எவ்வாறு இசைவர்? இதற்குத் தீர்வாகவே, 1918-இல் நிறைவேறிய ஸ்லைகோ நகராட்சிச் சட்டம் விகிதாசார முறையைப் புகுத்தியது.

1919-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் தேர்தல் நடந்தது. மூன்று வார்டுகள், வார்டுக்கு எட்டுப்பேர், ஆக 24 இடங்கள். இரு சமயத்து வணிகரும் சேர்ந்திருந்த வரி செலுத்துவோர் சங்கம் 8 இடங்களையும், விடுதலை வேட்கை மிகுந்த சின் ஃபெய்ன் கட்சி 7 இடங்களையும், தொழிலாளர் 5 இடங்களையும், சுயேச்சைகள் 4 இடங்களையும் பெற்றனர். சில வாரங்களுக்கு முன்புதான், 1918 டிசம்பர்ப் பொதுத்தேர்தலில், அயர்லாந்தின் தென்பகுதி முழுவதையும் சின் ஃபெய்ன் அலை அடித்துச் சென்றிருந்தது. அந்த அலையின் நடுவிலும் ஒரு சிறு நகரில் எல்லாத் தரப்பும் ஒரே மேசையைச் சுற்றி அமர முடிந்தது. இதைக் கண்ட பிரிட்டிஷ் அரசு அவ்வாண்டிலேயே அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்கள் அனைத்திற்கும் இம்முறையைச் சட்டமாக்கியது. சின் ஃபெய்னின் ஏறுமுகத்தைத் தணிக்கலாம் என்ற உள்நோக்கமும் அதில் இருந்தது.

டெரியில் ஒரு விடியல்

1920 சனவரியில் நகர்ப்புறத் தேர்தல்கள் நடந்தன. டெரியில் கத்தோலிக்கர் மக்கள்தொகையில் பெரும்பான்மையினராக இருந்தும், நகராட்சி அதுவரை யூனியனிஸ்டுகளின் கையில் இருந்தது. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய கட்சியினர்க்கு அப்பெயர்; அவர்களுள் ஏறக்குறைய அனைவரும் சீர்திருத்தச் சபையினர். புதிய முறையில் எண்ணியபோது 40 இடங்களில் யூனியனிஸ்டுகளுக்கு 19-உம், பல்வேறு தேசியத் தரப்பினர்க்கு 21-உம் கிடைத்தன. ஹியூ ஒடோகர்ட்டி என்ற கத்தோலிக்க வழக்கறிஞர் மேயரானார். 1688-க்குப் பின் அந்நகரில் கத்தோலிக்கர் ஒருவர் மேயரானது அதுவே முதன்முறை.

இதை ஒரு பொற்காலம் என்று சொல்லிவிட நாம் துணியவில்லை. அவ்வாண்டின் ஜூன் மாதத்தில் டெரியின் தெருக்களில் கலவரம் மூண்டு ஏறத்தாழ இருபது உயிர்கள் மாண்டன. தீவு முழுவதும் போர் நடந்துகொண்டிருந்தது. நேர்மையாக எண்ணப்பட்ட வாக்குகள் துப்பாக்கிகளை மௌனமாக்கிவிடவில்லை. ஆனால் 21-க்கு 19 என்ற மன்றத்தில் தோற்றவர்களும் ஏறத்தாழப் பாதி இருக்கைகளில் அமர்ந்திருந்தனர். பின்னர் வந்த நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பறிக்கப்பட்ட முறை

1921-இல் அயர்லாந்து இரண்டாயிற்று. வடக்கின் ஆறு மாவட்டங்களுக்குத் தனிப் பாராளுமன்றம் அமைந்தது. சர் ஜேம்ஸ் கிரெய்க் முதலமைச்சரானார். டைரோன், ஃபெர்மனா ஆகிய மாவட்ட மன்றங்கள் தேசியவாதிகளின் கையில் இருந்தன. அவை டப்ளின் பாராளுமன்றத்திற்கே கட்டுப்படுவோம் என்று தீர்மானித்தன. புதிதாய்ப் பிறந்த அரசுக்கு இது தன் உயிர்மேல் விழுந்த அடியாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த அச்சத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அச்சம் தேடிய மருந்து நீதியானதாக இல்லை.

1922 ஜூலையில் வட அயர்லாந்துப் பாராளுமன்றம் உள்ளாட்சித் தேர்தல்களில் விகிதாசார முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. தெற்கிலிருந்து மைக்கேல் காலின்ஸ் எதிர்ப்புத் தெரிவிக்க, மன்னரின் இசைவு இரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. கிரெய்க் அரசு பதவி விலகுவோம் என்று அச்சுறுத்தியது. காலின்ஸ் ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 11-இல் இசைவு வந்தது. பின்னர் நீதிபதி லீச் தலைமையில் வார்டு எல்லைகள் திருத்தப்பட்டன. தேசியவாதிகள் பலர் அவ்விசாரணைகளைப் புறக்கணித்தனர். அதனால் எல்லைக் கோடுகளைப் போட்டவர்களின் கை தடையின்றி ஓடியது. 1920-இல் தேசியவாதிகள் வென்றிருந்த இருபதுக்கும் மேற்பட்ட மன்றங்களுள் சிலவே அவர்களிடம் எஞ்சின. டெரியின் மேயர் பதவி மீண்டும் கைமாறியது. ஐம்பது ஆண்டுகள் திரும்பவில்லை.

1929-இல் அப்பாராளுமன்றம் தன் தேர்தலுக்கும் அம்முறையை ஒழித்துவிட்டது. காரணம் கத்தோலிக்கர் மட்டுமல்லர். 1925-இல் கிரெய்க்கின் கட்சி, தொழிலாளர் கட்சியிடமும் சுயேச்சைகளிடமும் இடங்களை இழந்து 40-லிருந்து 32-க்கு இறங்கியிருந்தது. ஆகவே ஏழைச் சீர்திருத்தச் சபைத் தொழிலாளியின் குரலும் அன்று அடைக்கப்பட்டது. பிறருடைய வாயை அடைக்கச் செய்த பூட்டு தம்மவர் வாயையும் பூட்டியது.

மூன்று வார்டுகளின் கணக்கு

டெரியின் எல்லைகள் 1936-இல் மீண்டும் மாற்றப்பட்டு மூன்று வார்டுகளாயின. 1969-இல் நீதிபதி கேமரன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு வெளியிட்ட புள்ளிவிவரம், 1967-ஆம் ஆண்டின் நிலையைத் தருகிறது. அதனை நாம் நிதானமாகப் பார்ப்போம்.

தெற்கு வார்டில் கத்தோலிக்க வாக்காளர் 10,047, மற்றவர் 1,138, உறுப்பினர் எட்டுப்பேர். வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர் 3,946, உறுப்பினர் எட்டுப்பேர். வாட்டர்சைடு வார்டில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர் 3,697, உறுப்பினர் நால்வர். மொத்தத்தில் கத்தோலிக்கர் 14,429, மற்றவர் 8,781. நூற்றுக்கு 62 பேராக இருந்தோர் தெற்கு வார்டின் எட்டு இடங்களை மட்டும் பெற்றனர். நூற்றுக்கு 38 பேராக இருந்தோர் மற்ற இரு வார்டுகளின் பன்னிரண்டு இடங்களையும் பெற்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் பல உறுப்பினர் வார்டுகள். ஒரு வார்டுக்குப் பலர் என்பதனால் மட்டும் பலதரப்பினர்க்கும் இடம் கிடைத்துவிடும் என்று நாம் எண்ணலாகாது. வாக்காளர் ஒவ்வொருவரும் இடங்கள் எத்தனையோ அத்தனை வாக்குகள் இடும் முறையில், வார்டில் சிறிதளவே மிகுந்திருப்போர் எல்லா இடங்களையும் வாரிக்கொள்வர். வடக்கு வார்டின் 2,530 பேரும் இல்லாதவர்களைப் போலவே ஆனார்கள்.

அதே வார்டுகள், அதே எல்லைகள், அதே வாக்காளர். எண்ணும் முறை மட்டும் 1920-இன் முறை என்று வைத்து நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். எல்லாரும் வந்து தத்தம் தரப்பினர்க்கே வாக்களித்ததாகக் கொள்வோம். வடக்கு வார்டில் ஓர் இடத்திற்கு 720 வாக்கு வேண்டும். கத்தோலிக்கர்க்கு மூன்று இடம், மற்றவர்க்கு ஐந்து. வாட்டர்சைடில் 1,110 வேண்டும். கத்தோலிக்கர்க்கு ஒன்று, மற்றவர்க்கு மூன்று. தெற்கு வார்டில் 1,243 வேண்டும், எட்டும் கத்தோலிக்கர்க்கே. அங்குள்ள 1,138 மற்றவர்கள் நூற்றைந்து வாக்குக் குறைவால் ஓர் இடத்தை இழக்கின்றனர். எந்த முறையும் குறையற்றதன்று என்பதற்கு இதுவே சான்று. எனினும் மொத்தக் கணக்கு என்ன? கத்தோலிக்கர்க்கு 12, மற்றவர்க்கு 8. எல்லைகளைக் கோணலாக வகுத்தவர்களின் உழைப்பு முழுவதையும் எண்ணும் முறை ஒன்றே தலைகீழாக்கியிருக்கும். 1922-இல் முதலில் அம்முறையை ஏன் ஒழித்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

வாக்கைக் காக்க வீட்டை மறுத்தார்கள். உள்ளாட்சித் தேர்தலில் வரி செலுத்தும் வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்குமே வாக்கு; பெற்றோருடன் வாழும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒண்டுக் குடித்தனக்காரருக்கும் வாக்கில்லை. நிறுவனங்களுக்கோ ஆறு வாக்குகள் வரை இருந்தன. ஆகவே நகராட்சி ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற்கு வடக்கு வார்டில் வீடு கொடுத்தால் அங்கே இரண்டு வாக்குகளைக் கொடுத்ததாகும். தெற்கு வார்டு நிரம்பி வழிந்தது. பிறக்கும் குழந்தைக்கும் தொட்டிலிட இடமில்லாத அறைகளில் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. வாக்குக் கணக்கு என்னும் வறண்ட பொருள், தாயின் அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது.

பதினொரு நாள் இடைவெளியில்

1968 அக்டோபர் 5-ஆம் நாள், குடியுரிமை இயக்கத்தினர் டெரியின் டியூக் தெருவில் ஊர்வலம் சென்றனர். ஒருவருக்கு ஒரு வாக்கு, வீடு வழங்குவதில் நேர்மை என்பன அவர்களுடைய கோரிக்கைகள். அரசு ஊர்வலத்தைத் தடைசெய்திருந்தது. காவலர் தடியால் அடித்த காட்சிகளைத் தொலைக்காட்சி உலகெங்கும் காட்டியது. நவம்பர் 22-இல் சீர்திருத்தங்களை அறிவித்த அரசு, டெரி நகராட்சியையே கலைத்துவிட்டு ஒரு வளர்ச்சி ஆணையத்தை அமைப்பதாகச் சொன்னது. காலங்கடந்த நீதி அது. 1969 ஆகஸ்டில் தெருப்போர் மூண்டது. பிரிட்டிஷ் படை வந்தது. 1972 சனவரி 30-ஆம் ஞாயிறன்று, படையினரின் குண்டுகளுக்கு அந்நகரில் பதின்மூவர் பலியாயினர். காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார்.

டெரியின் ஊர்வலம் நடந்து பதினொரு நாள் கழித்து, அதாவது 1968 அக்டோபர் 16-ஆம் நாள், எல்லைக்குத் தெற்கே வேறொரு நிகழ்ச்சி நடந்தது. அங்கே கத்தோலிக்கர் மிகப் பெரும்பான்மையினர். குடியரசு பிறக்கும் காலத்திலேயே ஆர்தர் கிரிஃபித் முதலிய தலைவர்கள், சிறுபான்மைச் சீர்திருத்தச் சபையினர்க்கு உறுதியளிக்குமுகமாக விகிதாசார முறையை ஏற்றிருந்தனர். 1937-இன் அரசியலமைப்பும் அதனை நிலைநாட்டியது. ஆளுங்கட்சி அதனை நீக்க 1959-இல் ஒருமுறையும், 1968-இல் மறுமுறையும் மக்களின் தீர்ப்பைக் கேட்டது. 1959-இல் மக்கள் அன்புக்குரிய தேவலேராவைக் குடியரசுத் தலைவராக்கிய அதே நாளில், அவர் விரும்பிய அம்மாற்றத்தைச் சிறு வேறுபாட்டில் மறுத்தனர். 1968-இல் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மறுத்தனர். அவர்கள் எல்லாரும் சிறுபான்மையினரை மனத்தில் வைத்தே அவ்வாறு வாக்களித்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஒரே கட்சி என்றென்றும் ஆளுவதைப் பலர் விரும்பவில்லை. ஆயினும் வலுவுடையோர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்ட முறை அங்கே நிலைத்தது.

மீண்டு வந்தபோது

வடக்கின் பாராளுமன்றம் 1972 மார்ச்சில் முடக்கப்பட்டது. இலண்டன் அரசு உள்ளாட்சிக்கு ஒற்றை மாற்று வாக்கு முறையை மீட்டுத் தந்தது. 1973 மே 30-இல் 26 மாவட்ட மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. டெரியில் தேசியத் தரப்பினர் மீண்டும் பெரும்பான்மை பெற்றனர். ஐம்பது ஆண்டுக் கணக்கைத் தீர்க்கும் வாய்ப்பு கையில் வந்திருந்தது. அவ்வாண்டு மேயராக அவர்களுள் ஒருவர் அமர்ந்தார். அடுத்த ஆண்டு, 1974-இல், அப்பதவி ஒரு யூனியனிஸ்டுக்குச் சென்றது. மேயர் பதவியை முறைமாற்றிப் பகிர்ந்துகொள்ளும் மரபு அந்நகரில் அவ்வாறு தொடங்கியது. சட்டம் அதனைக் கேட்கவில்லை. ஊரெங்கும் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அமைதி ஒப்பந்தம் வர இன்னும் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்தன.

இன்று வட அயர்லாந்தின் பதினொரு மன்றங்களும், 2007 முதல் ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி மன்றங்களும் இவ்வாறே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் இம்முறையைக் கைவிடாது காத்துவருகிறது. போர்ட்லாந்து நகரம் 2024-இல் இதனை மேற்கொண்டது. எண்ணி முடிக்க நேரமாகும் என்பதும், கணக்கு எளிதில் விளங்காது என்பதும் இதன்மேல் சொல்லப்படும் குறைகள். அவை உண்மையே. ஆனால் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களை எழுதும் வாக்காளர், தம்மவரல்லாத ஒருவரையும் எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறார். வேட்பாளரும் பிற தெருக்களுக்குச் சென்று கதவைத் தட்ட வேண்டியவராகிறார். இந்நன்மை எந்தக் கணக்கிலும் வாராது.

டெரியின் கதையில் கத்தோலிக்கர் அநீதிக்கு உள்ளானவர்கள். தெற்கில் அவர்களே வலுவுடையோர். ஒரே தீவில், ஒரே விசுவாசத்தினர், இரு நிலைகளிலும் இருந்தனர். நாமும் அப்படியே இருக்கிறோம். நாட்டளவில் சிறியதோர் எண்ணிக்கை நாம். நம் குரலுக்கு இடம் வேண்டுமென்று கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் நாம் மிகுதியாக வாழும் ஊர்களும் இருக்கின்றன. அங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களிலும், நம் பங்குப் பேரவைகளிலும், ஒரு தெருவாரோ ஒரு பிரிவினரோ எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிட, மற்றத் தெருவார் வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் வழக்கம் இல்லையென்று நம்மால் சொல்ல இயலுமா? பங்குப் பேரவைக்கு அடுத்த தேர்தல் வரும்போது, பெயர்களை எழுதுமுன், இவ்வாக்குகளை எவ்வாறு எண்ணப்போகிறோம் என்று ஒருவராவது எழுந்து கேட்பது நலமாகும்.